நீர்க்கட்டி எதனால் வருகிறது? ஒரு கல்லூரி மாணவிக்கு விரிவான பதில்

கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் 20 வயது மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். பீரியட்ஸ் 50, 60 நாள் என்று தள்ளிப் போகிறது. தாடையில் முடி வளர்கிறது. ஸ்கேன் எடுத்ததில் இரண்டு பக்கமும் நீர்க்கட்டி என்று சொல்லிவிட்டார்கள். "ஹாஸ்டல்ல பிராய்லர் கோழியும் நூடுல்ஸும் தின்னதுதான் காரணம்" என்கிறார் அம்மா. "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனைப் பார்த்தா வேற என்ன வரும்" என்கிறார் அத்தை. இத்தனைக்கும் இந்தப் பெண்ணின் எடை 54 கிலோதான். உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். வயதுக்கு வந்தது 13 வயதில். அம்மாவுக்கு மாதம் தவறாமல் வந்திருக்கிறது. அப்பாவுக்கு 38 வயதிலேயே சுகர். "பரம்பரை என்றால் அம்மாவுக்கு இருந்திருக்க வேண்டுமே? குண்டானவர்களுக்குத்தானே இது வரும்? நான் என்ன தப்பு செய்தேன்? என் 14 வயதுத் தங்கைக்கும் வருமா?" என்று முடித்திருக்கிறார்.

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் கோளாறுக்கான இயல்பு நீங்கள் விடுதிக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பே, பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே, உங்கள் உடம்பில் இருந்திருக்கிறது. விடுதி வாழ்க்கை அதற்குக் கொஞ்சம் தீனி போட்டிருக்கலாம், அவ்வளவுதான். எப்படி என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயர். நீர்க்கட்டி என்ற சொல்லே பாதிப் பயத்தைக் கிளப்பிவிடுகிறது. ஸ்கேனில் தெரிந்தவை கட்டிகளே இல்லை. சினைப்பையில் ஒவ்வொரு மாதமும் ஒரு கூட்டம் முட்டைக் குமிழ்கள் வளரத் தொடங்கும். அதில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு பெரிதாகி வெடித்து முட்டையை வெளியே விடும், மற்றவை சுருங்கிவிடும். பிசிஓஎஸ், அதாவது பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம் (பல நீர்க்கட்டிச் சினைப்பைக் கோளாறு) என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தக் கூட்டம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவில், எதுவும் முந்தாமல், முத்துக் கோத்தாற்போல ஓரத்தில் தங்கிவிடுகின்றன. ஸ்கேனில் கறுப்பு வட்டங்களாகத் தெரிபவை இவைதாம். முட்டை வெளிப்படாததன் விளைவு இது. இதையே காரணம் என்று நினைத்து "கட்டியைக் கரைக்கும்" கஷாயமும் பொடியும் தேடுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் கரைப்பதற்கு அங்கே கட்டி எதுவும் இல்லை. பிசிஓடி, பிசிஓஎஸ் என்ற இரண்டு பெயர்களையும் நம் ஊரில் இரண்டு நோய்களாகச் சொல்வார்கள். அதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவே 2012-இல் பிசிஓஎஸ் என்ற பெயர் தவறான எண்ணம் தருகிறது, மாற்றுங்கள் என்று பரிந்துரைத்தது.

இன்னொன்று, உங்கள் விஷயத்தில் அந்த ஸ்கேன் அவ்வளவு முக்கியமே இல்லை. இளம் வயதில் ஒரு கோளாறும் இல்லாத பெண்களுக்குக்கூடச் சினைப்பை இப்படித் தெரியும். அதனால்தான் வயதுக்கு வந்து 8 வருடம் ஆகும் வரை ஸ்கேனை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டுநெறி சொல்கிறது. உங்களுக்கு 7 வருடம்தான் ஆகிறது. ஆனால் பீரியட்ஸ் தள்ளிப் போவது, ஆண் ஹார்மோன் கூடியதன் அடையாளமான தாடை முடி, இந்த இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. வேறு நோய்கள் இல்லை என்று பார்த்துவிட்டால், ஸ்கேனே எடுக்காமலும் பிசிஓஎஸ் என்று சொல்ல இவை போதும்.

எந்த அளவுகோலை வைக்கிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். இந்தியாவின் பல பகுதிகளில் 18 முதல் 40 வயதுப் பெண்களிடம் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 1990-இன் கடுமையான அளவுகோல்படி சுமார் 7 சதவீதம் பேருக்குப் பிசிஓஎஸ் இருந்தது. ஸ்கேனையும் ஓர் அடையாளமாக ஏற்றுக்கொள்ளும் 2003-இன் ராட்டர்டாம் அளவுகோல்படி அதே பெண்களில் கிட்டத்தட்ட 20 சதவீதம். எப்படிப் பார்த்தாலும் உங்கள் விடுதியின் ஒவ்வொரு தளத்திலும் உங்களைப் போல் சிலர் இருப்பார்கள். சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, காரணத்துக்கு வருவோம். 1935-இல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் இதே தொந்தரவுகள் உள்ள ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். சினைப்பைகள் பெருத்திருந்தன, ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்ததும் மாதவிடாய் திரும்பியது. அதனால் குற்றவாளி சினைப்பைதான் என்று மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் நம்பியது. ஆனால் அதற்கும் முன்பே, 1921-இல், பாரிஸில் அஷார், தியெர் என்ற இருவர் "தாடியுள்ள பெண்களின் சர்க்கரை நோய்" என்று ஒன்றை விவரித்திருந்தார்கள். முகத்தில் முடியும் ரத்தத்தில் சர்க்கரையும் ஒரே ஆளிடம் ஏன் சேர்ந்து வருகின்றன என்பதை யாரும் அப்போது பின்தொடரவில்லை. 1980-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் நடந்த ஆய்வுதான் முடிச்சை அவிழ்த்தது. இந்தப் பெண்களின் ரத்தத்தில் இன்சுலினும் கூடுதல், ஆண் ஹார்மோனும் கூடுதல், இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன என்று அது காட்டியது. உங்கள் அப்பாவின் சுகரை நீங்கள் கடிதத்தில் குறிப்பிட்டது எவ்வளவு நல்லது என்று இப்போது புரியும்.

இன்சுலினுக்கும் பீரியட்ஸுக்கும் என்ன சம்பந்தம்? ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள் என்று தசைக்கும் கல்லீரலுக்கும் சொல்வது இன்சுலின். சிலர் உடம்பில் இந்தச் சொல்லுக்குத் தசை சட்டென்று மசிவதில்லை. கணையம் என்ன செய்யும்? குரலை உயர்த்தும், இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலின் சுரக்கும். சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும், ஆனால் உள்ளே இன்சுலின் கூச்சலாக இருக்கும். சிக்கல் என்னவென்றால் சினைப்பைக்குக் காது நன்றாகவே கேட்கும். தசைக்காகப் போட்ட சத்தம் முழுவதும் சினைப்பையின் காதில் விழுகிறது. அங்கே முட்டைக் குமிழைச் சுற்றியுள்ள செல்கள் அந்த உந்துதலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அளவுக்கு மீறித் தயாரிக்கின்றன. அதே இன்சுலின் கல்லீரலில் இன்னொரு வேலையும் பார்க்கிறது. ஆண் ஹார்மோனைக் கட்டிப்போட்டு வைக்கும் ஒரு புரதத்தின் உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது. கட்டவிழ்ந்த ஹார்மோன் தாடையில் முடியாகவும் முகத்தில் பருவாகவும் வெளியே வருகிறது. தலையில் முடி கொட்டுவதற்கும் அதுவே காரணம்.

மூளைக்கும் இதில் பங்கு உண்டு. பிட்யூட்டரி சுரப்பி விட்டுவிட்டு அனுப்பும் எல்.ஹெச். என்ற ஹார்மோன், இந்தப் பெண்களில் பலருக்கு அடிக்கடி, அதிகமாக வருகிறது. அதுவும் சினைப்பையை ஆண் ஹார்மோன் பக்கமே தள்ளுகிறது. முட்டை வெளிப்படாததால் புரொஜெஸ்டிரோன் போதாமல் போகிறது. மூளையின் வேகத்தைக் குறைக்க வேண்டிய ஹார்மோன் அதுதான். எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு செக்கு இது. ஒருத்திக்கு மூளையில் தொடங்கியிருக்கும், இன்னொருத்திக்கு இன்சுலினில். சிலருக்குச் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரீனல் சுரப்பியும் கூடுதலாக ஆண் ஹார்மோனைக் கொட்டும். "ஒரே காரணம் எது?" என்று கேட்டால் எந்த நேர்மையான மருத்துவரும் ஒன்றைச் சுட்டிக் காட்ட மாட்டார்.

இனி பரம்பரை. நெதர்லாந்தில் இரட்டைப் பெண்களிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பிசிஓஎஸ் வரும் வாய்ப்பில் சுமார் 70 சதவீதம் மரபிலிருந்து வருகிறது என்று கணக்கிட்டார்கள். 2011-இல் சீன ஆய்வாளர்கள் இதனுடன் தொடர்புள்ள மரபணுப் பகுதிகளை முதன்முதலில் அடையாளம் காட்டினார்கள்; அதன் பிறகு இன்னும் பல கிடைத்துள்ளன. இது ஒரு மரபணுவில் வரும் நோய் இல்லை. சின்னச் சின்ன மாறுபாடுகள் பல சேர்ந்து வருவது. அம்மாவிடமிருந்து சில, அப்பாவிடமிருந்து சில. அம்மாவுக்கு மாதாமாதம் ஒழுங்காக வந்திருந்தாலும் மகளுக்கு வருவது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் எல்லாக் குடும்பங்களும் தவறு செய்கின்றன. பெண்களின் நோய் என்பதால் அம்மா வழியை மட்டுமே பார்க்கிறார்கள். இந்த மரபணுக்களை ஆணும் சுமக்கிறான். அவனுக்குச் சினைப்பை இல்லாததால் அது இன்சுலின் கோளாறாகவோ, இளவயதுச் சுகராகவோ, சீக்கிரமே விழும் வழுக்கையாகவோ வெளிப்படும். உங்கள் அப்பாவுக்கு 38 வயதில் வந்த சுகர், உங்கள் பிசிஓஎஸ்ஸின் அண்ணன் மாதிரி. போனைக் குறை சொன்ன அத்தையிடம், கோபப்படாமல், தனியாக உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்: சின்ன வயதில் அவருக்கு மாதம் ஒழுங்காக வந்ததா, குழந்தை உண்டாகத் தாமதமானதா, கர்ப்பத்தின்போது சுகர் வந்ததா என்று. அப்பா வழிப் பாட்டியைப் பற்றியும் கேளுங்கள். அந்தக் காலத்தில் இதற்குப் பெயர் இல்லை, ஸ்கேனும் இல்லை. "அவளுக்கு எப்பவும் லேட்டாத்தான் வரும்" என்ற ஒற்றை வரியில் எத்தனையோ பேருடைய பிசிஓஎஸ் முடிந்துபோயிருக்கிறது.

மரபுக்கு மேல் இன்னொரு அடுக்கு, கருப்பை. ஆட்டுக்கும் ரீசஸ் குரங்குக்கும் சினைக்காலத்தில் ஆண் ஹார்மோன் கொடுத்தால் பிறக்கும் பெண் குட்டிகளுக்குப் பிசிஓஎஸ் போன்ற நிலை வருவது பல ஆய்வுகளில் தெரிந்தது. 2018-இல் பிரான்சின் லீல் நகர ஆய்வாளர்கள், பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோன் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். சினையாக இருந்த எலிகளுக்கு அதைச் செலுத்தியபோது, பிறந்த பெண் எலிகள் வளர்ந்ததும் முட்டை வெளிப்படாமல் தவித்தன. எலியில் நடந்தது அப்படியே மனுஷிக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் கருவில் இருக்கும்போதே மூளையும் சினைப்பையும் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்கின்றன என்ற எண்ணத்துக்கு இது வலுச் சேர்க்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் அம்மாவிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். தன் ரத்தத்தில் எந்த ஹார்மோன் எவ்வளவு ஓட வேண்டும் என்று எந்தத் தாயும் தீர்மானிப்பதில்லை.

"குண்டானவர்களுக்குத்தானே வரும்?" இதற்கு நம் பக்கத்து உடம்பைப் பற்றிப் பேச வேண்டும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், அந்தப் பகுதிக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5. எல்லாமே சிறிதாக இருந்தன, குறிப்பாகத் தசையும் வயிற்று உறுப்புகளும். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. பிறந்த அன்றே அப்படி. சர்க்கரையை வாங்கிக்கொள்ள வேண்டிய தசை குறைவாகவும், இன்சுலினுக்கு இடைஞ்சல் செய்யும் கொழுப்பு கூடுதலாகவும் உள்ள உடல்வாகு இது.

ஆகவேதான் நம்மவர்களுக்கு எடை அளவுகோலே வேறு. உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ கணக்கில் மேலை நாட்டவருக்கு 25 வரை சரி; ஆசியர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்கிவிடும். உங்கள் 54 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 22.5 வருகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம்தான், ஆனால் ஒட்டி நிற்கிறீர்கள். எடை மெஷினைவிட ஒரு டேப் உங்களுக்கு அதிகம் சொல்லும்: இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். கொழும்பைச் சேர்ந்த பேராசிரியர் சந்திரிகா விஜேயரத்ன இங்கிலாந்தில் பிசிஓஎஸ் உள்ள தெற்காசியப் பெண்களையும் வெள்ளையரையும் ஒப்பிட்டு 2002-இல் எழுதினார். நம் பக்கத்துப் பெண்களுக்குத் தொந்தரவு இளவயதிலேயே தொடங்கியது. முடி வளர்ச்சியும் இன்சுலின் கோளாறும் கூடுதலாக இருந்தன. ஒல்லியாக இருப்பதால் தப்பித்துவிட்டோம் என்று ஒரு தமிழ்ப் பெண் நினைத்துக்கொள்ள முடியாது.

அதற்காக எடைக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. எடை கூடும்போது, முக்கியமாக வயிற்றில் கூடும்போது, இன்சுலின் கூச்சல் கூடுகிறது. அமைதியாக இருந்த இயல்பு விழித்துக்கொள்கிறது. பள்ளி வரை ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களுக்குக் கல்லூரியில் எட்டுப் பத்துக் கிலோ ஏறியதும் மாதம் தவறுவதை அடிக்கடி பார்க்கிறோம். எடை கூடியவர்கள் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்குப் பீரியட்ஸ் திரும்பிவிடுகிறது. ஆனால் பிசிஓஎஸ்தான் எடையைக் குறைக்கவிடாமல் இழுத்துப் பிடிப்பதும். "வாயைக் கட்டு" என்று அந்தப் பெண்களைத் திட்டுவதைப் போன்ற அநியாயம் வேறு இல்லை.

இப்போது அம்மாவின் பிராய்லர் கோழி. பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அது பெண்களுக்கு நீர்க்கட்டியாகிறது என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள். அந்தக் கோழி ஆறு வாரத்தில் பெரிதாவது, பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனம் என்பதாலும் தீவனத்தாலும். ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்துத் தினமும் ஊசி போடுவது எந்தப் பண்ணைக்கும் கட்டாது. கோழிப் பண்ணைகளில் ஆன்டிபயாடிக் பயன்பாடு ஒரு பிரச்சினைதான், அது வேறு விஷயம். நீங்கள் கோழிக்குப் பயப்பட வேண்டாம். அதோடு வரும் பரோட்டாவையும் எண்ணெயையும் குளிர்பானத்தையும் கவனியுங்கள். விடுதிச் சாப்பாட்டில் மூன்று வேளையும் அரிசியும் மைதாவும்தான். பருப்பு தண்ணீராக இருக்கும். இந்தச் சாப்பாடும், உட்கார்ந்தே கழியும் நாளும், குறைந்த தூக்கமும் இன்சுலினைக் கூட்டும். ஆக, அத்தை சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அதே விடுதியில் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டு அதே நேரத்துக்குத் தூங்கும் உங்கள் அறைத்தோழிகளுக்கு ஒழுங்காகத்தானே வருகிறது? சாப்பாடும் தூக்கமும் தண்ணீர் ஊற்றும். விதை அவை போட்டதில்லை.

பிளாஸ்டிக்கில் உள்ள பிஸ்பினால் ஏ பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். பிசிஓஎஸ் உள்ளவர்களின் ரத்தத்தில் அது கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் ஆண் ஹார்மோன் கூடினால் அந்தப் பொருளை உடம்பு வெளியேற்றுவதும் மெதுவாகிறது. எது முதலில் என்று சொல்ல முடியவில்லை. வைட்டமின் டி குறைவும் அப்படித்தான், கூடவே இருக்கிறது, காரணம் என்று நிரூபணமாகவில்லை. மன அழுத்தம் பீரியட்ஸைத் தள்ளிப்போடும், பிசிஓஎஸ்ஸை மோசமாக்கும். பரீட்சைப் பயத்தால் மட்டும் பிசிஓஎஸ் வந்துவிடாது.

மருந்துகளில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வலிப்புக்கும் சில மனநோய்களுக்கும் தரும் சோடியம் வால்புரோயேட் எடுக்கும் பெண்களுக்கு, முக்கியமாக இளவயதில் தொடங்கியவர்களுக்கு, பிசிஓஎஸ் போன்ற நிலை கூடுதலாக வருகிறது. 1993-லேயே பின்லாந்து மருத்துவர்கள் இதை எழுதிவிட்டார்கள். அந்த மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு உயிருக்கே ஆபத்து. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேட்க வேண்டும். சிறு வயதிலிருந்து இன்சுலின் ஊசி போடும் டைப் 1 சர்க்கரைக்காரப் பெண்களுக்கும் வாய்ப்பு கூடுதல். பீரியட்ஸுக்காக எழுதித் தரும் கருத்தடை மாத்திரை பிசிஓஎஸ்ஸைக் கொண்டுவருவதில்லை. அதை எடுக்கும்வரை மாதம் ஒழுங்காக வரும், நிறுத்தியதும் பழைய நிலை வெளியே தெரியும். அதைப் பார்த்து மாத்திரைமேல் பழி போடுகிறார்கள்.

பிசிஓஎஸ் மாதிரியே வேஷம் போடும் வேறு கோளாறுகளும் உண்டு. தைராய்டு, பால் சுரக்க வைக்கும் புரொலாக்டின் ஹார்மோன் இரண்டையும் ரத்தத்தில் பார்த்தே ஆக வேண்டும். அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் கோளாறு ஒன்று, 17-ஓ.ஹெச். புரொஜெஸ்டிரோன் என்ற பரிசோதனையில் தெரியவரும். சில மாதங்களுக்குள் குரல் கரகரத்து, முடி மளமளவென்று வளர்ந்தால் அது பிசிஓஎஸ்ஸாக இருக்காது. நிஜமான கட்டி எதுவும் உண்டா என்று உடனே பார்க்க வேண்டும். உங்களுடையது ஸ்கேனோடு நின்றிருந்தால் இந்த ரத்தப் பரிசோதனைகளையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சுகர் டெஸ்ட்டையும் கேட்டு வாங்குங்கள். வெறும் வயிற்றுச் சுகர் மட்டும் உங்களைப் போன்றவர்களுக்குப் போதாது. மூன்று மாதத்துக்கு மேல் பீரியட்ஸ் வராமல் விடவும் வேண்டாம். கருப்பையின் உள்தோல் தடித்துக்கொண்டே போவது நல்லதில்லை.

"கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கல்யாணத்தால் இன்சுலின் குறைந்ததாக எங்கும் கண்டதில்லை. படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்க்க இது ஒரு சாக்காவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கடைசியாக உங்கள் தங்கை. 1998-இல் அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ளவர்களின் உடன்பிறந்த சகோதரிகளைப் பரிசோதித்தபோது 22 சதவீதம் பேருக்கு அதே கோளாறு இருந்தது. மேலும் 24 சதவீதம் பேருக்கு மாதம் ஒழுங்காக வந்தும் ஆண் ஹார்மோன் மட்டும் கூடுதலாக இருந்தது. ஆகவே வரலாம், வரும் என்று நிச்சயமில்லை. 14 வயதில் ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வயதுக்கு வந்த முதல் வருடங்களில் முன்னே பின்னே ஆவது இயல்பு. அவளுடைய கழுத்தின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கேயோ அக்குளிலோ தோல் கறுத்து, வெல்வெட் துணி போல் தடித்திருந்தால் அது இன்சுலின் எழுதிவைத்த அடையாளம். நம் வீடுகளில் அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ப்பார்கள், எலுமிச்சை தடவுவார்கள், அவளைச் சுத்தமில்லாதவள் என்றும் சொல்வார்கள். உங்கள் தங்கைக்கு அப்படி இருந்தால் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, அப்பா அடுத்த முறை சுகர் டெஸ்ட்டுக்குப் போகும்போது அவளையும் கூட அனுப்பிவையுங்கள்.